எதற்கெடுத்தாலும் ஃபார்மட்டா?

லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் நம் ஊரில் முதலில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சுட்டு புதுசா போட்டுடலாம் சார்." வைஃபை வரவில்லையா, ஃபார்மட். பாஸ்வேர்டு கொடுத்தால் மறுபடியும் பாஸ்வேர்டே கேட்கிறதா, ஃபார்மட். நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ஓடவில்லையா, அதற்கும் ஃபார்மட். சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்பவர் சொல்கிறார், லினக்ஸ் பழகிய நண்பரும் சொல்கிறார். நண்பர் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்: "உபுன்டுவ விட்டுட்டு மின்ட் போடு, சரியாயிடும்." அதுவும் ஃபார்மட்தான், உடுப்புதான் வேறு.

என் வழக்கு எளிது. லினக்ஸில் அன்றாடம் வரும் கோளாறுகளில் ஒரு பாதிக்கு ஃபார்மட் தேவையே இல்லை. இன்னொரு பாதி ஃபார்மட் அடித்தாலும் போகாது. இரண்டுக்கும் நடுவில், உண்மையிலேயே ஃபார்மட் கேட்கும் கோளாறு அபூர்வமாக வரும். அந்த அபூர்வத்தை வைத்துத்தான் ஊர் முழுக்க வைத்தியம் நடக்கிறது.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வரும்போது பழைய பழக்கத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள்.

அந்தப் பழக்கம் பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் ஒரு பென்டிரைவைச் செருகித் திறந்தாலே ஆட்டோரன் வழியாக வைரஸ் ஏறிவிடும். எதை எதை மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே கிடங்கில் சிஸ்டத்தின் அமைப்புகளும் நூறு சாஃப்ட்வேர்களின் மிச்சமீதிகளும் கலந்து கிடக்கும். அந்த நிலையில் மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது புத்திசாலித்தனம்தான். கடைக்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள், நாமும் கற்றுக்கொண்டோம். லினக்ஸின் கட்டுமானம் வேறு. சிஸ்டத்துக்கான அமைப்புகள் ஓரிடத்தில், உங்களுக்கான அமைப்புகள் உங்கள் ஹோம் ஃபோல்டரில், பெரும்பாலும் திறந்து படிக்கக்கூடிய டெக்ஸ்ட் ஃபைல்களாக. எந்த நிமிடம் எது தோற்றது என்று எழுதிவைக்கும் நாட்குறிப்பும் உண்டு. இவ்வளவு இருந்தும் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் டிஸ்க்கை அழிப்பவரை எதில் சேர்ப்பது?

லாகின் சுழற்சியை எடுத்துக்கொள்வோம், மக்களை மிகவும் பயமுறுத்துவது அதுதான். பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறீர்கள். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் அதே லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறது. எத்தனை முறை அடித்தாலும் இதே கதை. கடையில் கேட்டால் "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு" என்று ஒரே வரியில் தீர்ப்பு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். படமில்லாத கறுப்புத் திரை வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்தால் உள்ளே விட்டுவிடும். அப்படியானால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, டெஸ்க்டாப் மட்டும்தான் எழவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து டி, எஃப் என்று இரண்டே எழுத்தில் ஒரு கமாண்டு. எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 100 சதவீதம் என்று ஒரு வரி கண்ணில் பட்டால் நோய் பிடிபட்டது. டெஸ்க்டாப் எழும்போது சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை, விழுந்துவிடுகிறது. யார் நிரப்பியது? மின்ட் வைத்திருப்பவர்களிடம் பல சமயம் டைம்ஷிஃப்ட் எடுத்துவைத்த பழைய நகல்கள், உபுன்டுவில் பழைய ஸ்னாப் பதிப்புகள், எங்கும் பொதுவாகப் பதிவேடுகள். முன்பு சொன்ன நாட்குறிப்பான சிஸ்டம்டியின் பதிவேடு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், அந்தப் பகுதியில் பத்தில் ஒரு பங்குவரை, அதிகபட்சம் 4 ஜிபிவரை, வளரலாம். இஎக்ஸ்டி4 பகுதியை உருவாக்கும்போதே 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். உங்களுக்கு இடமில்லாமல் போனாலும் ரூட்டாக உள்ளே போய்ச் சுத்தம் செய்யக் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்ற முன்யோசனை அது. லினக்ஸைச் செய்தவர்கள் இந்த நாளை எதிர்பார்த்து வழி வைத்திருக்கிறார்கள். நாம் அந்த வழியை எட்டிக்கூடப் பார்க்காமல் பென்டிரைவைத் தேடுகிறோம்.

இதே சுழற்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஃபார்மட் கட்சியின் வாயை அடைப்பது அது. டெஸ்க்டாப் சார்ந்த ஒரு புரோகிராமை சூடோ போட்டு, அதாவது ரூட்டின் அதிகாரத்தில், ஓட்டியதில், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் எக்ஸ்-அதாரிட்டி என்ற சின்ன ஃபைலின் உரிமை ரூட்டின் பெயருக்குப் போய்விடும். மின்ட் போன்றவற்றில் அடுத்த முறை நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் ஃபைலையே உங்களால் திறக்க முடியாது. உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற ஒரே ஒரு கமாண்டு போதும். கொஞ்சம் விவரமான ஒருவர் ஹோம் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஃபார்மட் அடித்து லினக்ஸைப் புதிதாகப் போடுகிறார் என்று வையுங்கள். அரை நாள் போகும். புதிய சிஸ்டம் எழும். பாஸ்வேர்டு கொடுப்பார். திரை கறுத்து மறுபடியும் லாகின் பக்கத்துக்கே வரும். கோளாறு ஹோமுக்குள் இருக்கிறது, அதைத்தான் அவர் பத்திரமாகப் பாதுகாத்துவைத்தாரே! இந்த மாதிரி நேரத்தில் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அதில் லாகின் செய்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அது ஒழுங்காக எழுந்தால் சிஸ்டத்தில் குறையில்லை, உங்கள் ஃபோல்டரில்தான் ஏதோ இருக்கிறது.

திரையில் எழுதியிருப்பதையே படிக்காமல் அழிப்பது இதைவிட மோசம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விடுகிறது, யுபிஎஸ் இல்லாத வீடு. மறுபடி ஆன் செய்து ஏதாவது இன்ஸ்டால் செய்யப் போனால் டெபியன், உபுன்டு வகைகளில் ஒரு செய்தி வரும்: வேலை பாதியில் நின்றுவிட்டது, இந்தக் கமாண்டை நீங்களே ஓட்டுங்கள். எந்தக் கமாண்டு என்பதும் அதே வரியில் எழுத்துப் பிசகாமல் இருக்கும். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தாகிவிட்டது, அடித்தால் போதும். கரண்ட் போனதில் டிஸ்க்கின் கணக்கே குழம்பியிருந்தால் பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் நின்று, எஃப்எஸ்சிகே என்ற பரிசோதனையைக் கையால் ஓட்டச் சொல்லும், எந்தப் பகுதியில் என்றும் சொல்லும். ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதால் பலர் பயப்படுகிறார்கள், அது புரிகிறது. ஃபோனில் படம் எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டலாமே. படம் எடுக்கும் முன்பே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் அவசரம்தான் புரியவில்லை.

வைஃபை விவகாரம் இன்னும் வேடிக்கை. பிராட்காம், ரியல்டெக் சிப்புகள் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் என்ற தனி ஃபைல் வேண்டும், அல்லது லினக்ஸின் மையமான கர்னல் கொஞ்சம் புதியதாக இருக்க வேண்டும். அது இல்லாத பதிப்பை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அது இல்லாமல்தான் வரும். டெபியன் வெகுகாலம் இத்தகைய ஃபர்ம்வேரைக் கொள்கை காரணமாக இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றிக்கொண்டு, 2023இல் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துத் தருகிறது. லேப்டாப்பில் விமானப் படம் போட்ட பட்டன் தெரியாமல் அழுந்தி வைஃபை அணைந்திருப்பதும் நடக்கும். அதற்காக ஓஎஸ் போட்டவர்களும் உண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள், இங்கே எலியே இல்லை.

ஃபார்மட் அடிக்கக் கையில் எடுக்கும் அந்தப் பென்டிரைவே, ஃபார்மட் அடிக்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும். உபுன்டு, மின்ட், ஃபெடோரா டெஸ்க்டாப் பதிப்புகளின் பென்டிரைவில் பூட் செய்தால், டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை வருகிறதா? வரவில்லை என்றால் அதையே டிஸ்க்கில் போட்டாலும் வரப்போவதில்லை. வருகிறதென்றால் உங்கள் சிப் நலம், உள்ளே இருக்கும் சிஸ்டத்தில் எதுவோ மாறியிருக்கிறது. எது என்று தேட, உபுன்டு, மின்ட் வகைகளில் சாஃப்ட்வேர் ஏற்றும் ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவில் தேதிவாரியாக எந்த நாள் எந்தப் பொட்டலம் ஏறியது என்று எழுதியிருக்கிறது. புதிய கர்னல் ஏறிய நாளிலிருந்து தகராறு என்றால், பூட் மெனுவில் கூடுதல் தேர்வுகளைத் திறந்து பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அதை அழிக்காமல்தான் வைத்திருப்பார்கள். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரையைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு நேரக் கோளாறு ஒன்று உண்டு. லினக்ஸில் வேலை முடித்துக் காலை பத்தரைக்கு விண்டோஸைத் திறந்தால் ஐந்து மணி காட்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தப் பிசகு சரியாக ஐந்தரை மணி நேரம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. வேறொன்றுமில்லை. இரண்டில் ஒன்றின் வழக்கத்தை ஒரு அமைப்பில் மாற்றினால் தீர்ந்தது. கடையில் முதலில் சிமாஸ் பேட்டரியை மாற்றுவார்கள். பேட்டரி தீர்ந்திருந்தால் நேரம் ஐந்தரை மணி என்று கணக்குப் பார்த்துப் பிசகாது, தேதியே வருடக்கணக்கில் பின்னால் போய் நிற்கும். பேட்டரிக்குப் பிறகும் தீராவிட்டால் லினக்ஸை அழிப்பார்கள். நேரம் சரியாகிவிடும். "பாத்தீங்களா, லினக்ஸ்தான் காரணம்" என்று நிரூபணமும் ஆகிவிடும். இந்த ஒரு நிரூபணத்தை வைத்துக்கொண்டு அடுத்த பத்துப் பேருக்கு வைத்தியம் நடக்கும்.

பிரிண்டர் கதையும் இப்படித்தான். ஜெராக்ஸ் கடைகளில் நெடுங்காலம் உழைத்த ஹெச்பி லேசர்ஜெட் 1020க்குத் தன் ஃபர்ம்வேரைத் தானே நினைவில் வைத்திருக்கத் தெரியாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். அதற்கு ஹெச்பிலிப் சாஃப்ட்வேரோடு தனி பிளக்-இன் ஒன்று தேவை, இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்டேட்டில் ஹெச்பிலிப் மட்டும் முன்னேறிவிட்டால் பிரிண்டர் நின்றுவிடும். பிளக்-இன்னை மறுபடி இறக்கினால் ஓடும். ஃபார்மட் அடித்தாலும் அதே பிளக்-இன்னை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஓஎஸ் போட இவ்வளவு என்று ஒரு விலை இருக்கிறது, வாடிக்கையாளர் பேரம் பேசாமல் கொடுப்பார். ஒரு மணி நேரம் பதிவேடு படித்து ஒரே கமாண்டில் சரிசெய்தால் "ஒண்ணுமே பண்ணலியே, இதுக்கா காசு?" என்பார் அதே வாடிக்கையாளர். உழைப்பைக் கண்ணால் பார்த்தால்தான் காசு கொடுப்போம் என்கிற நம் புத்திக்கும் இதில் பங்குண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது அது. ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோய் அழித்தவர்கள் பலர். கோளாறே வராத ஒன்றுக்கும் ஃபார்மட்.

லினக்ஸ்காரர்களிடம் எனக்கு இதைவிடக் கோபம். கடைக்காரருக்குக் கமாண்டு தெரியாது, இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவர் "சத்தம் வரவில்லை" என்றால் என்ன கருவி, எந்தப் பதிப்பு, நேற்று என்ன மாற்றினாய் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. தாங்கள் வைத்திருக்கும் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, பரிந்துரைக்கிறார்கள். உபுன்டுவும் மின்ட்டும் ஒரே மூலத்திலிருந்து பொட்டலங்களை எடுப்பவை, பல சமயம் கர்னலும் ஒன்றே. அதில் வராத சத்தம் இதில் மட்டும் ஏன் வர வேண்டும்? தற்செயலாக வந்துவிட்டால், புதிய பதிப்பின் கர்னலுக்குச் சேர வேண்டிய பெருமை டிஸ்ட்ரோவுக்குப் போகிறது.

ஃபார்மட் அடித்தே தீர வேண்டிய நேரங்கள் உண்டு. எங்கோ பார்த்த கமாண்டை நம்பி சிஸ்டம் முழுக்க எல்லா ஃபைலுக்கும் 777 என்று அனுமதியை மாற்றிவிட்டால், ஆயிரக்கணக்கான ஃபைல்களின் பழைய அனுமதியை ஒவ்வொன்றாக மீட்பதைவிடப் புதிதாகப் போடுவது மேல். வெளியாள் யாரோ ரூட்டாக நுழைந்துவிட்டான் என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே. டிஸ்க்கே சாகும் நிலை வேறு விஷயம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்டுப்போன செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதென்றால், ஃபார்மட் அடித்து அதே டிஸ்க்கில் போடுவது கடைசியாகப் பிழைத்திருக்கும் ஃபோட்டோக்களையும் காவு கொடுப்பது. அங்கே வேண்டியது புதிய டிஸ்க்.

அப்படி உண்மையிலேயே அழிக்க வேண்டி வந்தால், பென்டிரைவில் பூட் செய்து ஹோம் ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் உட்பட. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அவற்றில்தான் இருக்கின்றன. "டாக்குமென்ட்ஸ் எடுத்தாச்சு சார்" என்று கடையில் சொன்னால், அவற்றையும் எடுத்தார்களா என்று கேட்ட பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்தவிடுங்கள்.