வலியைப் பாடுகிறோம், நோவை நம்ப மறுக்கிறோம்

நமது கவிதைகளில் வலிக்குப் பஞ்சமில்லை. எந்தத் தொகுதியைப் புரட்டினாலும் பத்துப் பக்கத்துக்குள் பிரிவின் வலி, இருப்பின் வலி, மௌனத்தின் வலி என்று ஏதாவதொன்று வந்துவிடும். நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு "நோகுது" என்று ஒருவர் சொன்னால், இதே கவிஞர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஸ்கேன் எடுத்தீங்களா? அதில ஒண்டும் இல்லையாமே?" என்பதுதான்.

இந்த முரணைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவியரங்கில் வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு. பேச்சு நின்றது; கண்ணீர் கொட்டியது. நான் உணர்ச்சிவசப்பட்டதாக எண்ணிச் சபை கைதட்டியது. இறங்கி வந்து உண்மையைச் சொன்னதும் அந்தக் கண்ணீருக்கிருந்த மரியாதை போய்விட்டது. "பல்லுக்கொதியா இருக்கும் நானா" என்றார் ஒரு தம்பி. பல் வைத்தியரிடம் போனேன். அடுத்தடுத்து இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின, நோவு போகவில்லை. அவை நல்ல பற்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்நோய்க்குப் பெயர் முக்கிளை நரம்பு வலி. வைத்தியர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள். முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாவது கபால நரம்பு கண், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்றாகக் கிளைக்கிறது. அது மூளைத்தண்டோடு சேருமிடத்தில் ஓர் இரத்தக்குழாய் அழுத்தி, நரம்பின் மேலுறை தேய்ந்துபோவதே பெரும்பாலும் காரணம். அதன்பின் சாதாரணத் தொடுகையே வெட்டாக மாறிவிடுகிறது. முகம் கழுவுவது, சவரம் செய்வது, ஒரு வாய் சோறு, மின்விசிறிக் காற்று, எதுவும் போதும். ஒரு வெட்டு கணநேரத்திலும் முடியலாம், இரண்டு நிமிடமும் நீடிக்கலாம். ஒரே நாளில் பல தடவை வரலாம். பெனடோலுக்கு அது மசியாது. இலண்டன் வைத்தியர் ஜோன் ஃபொதர்கில் 1773 இலேயே இதனைத் தெளிவாக விவரித்துவிட்டார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நல்ல பற்கள் பிடுங்கப்படுகின்றன.

ஏன்? இந்நோயைக் கண்டறியும் முதற் கருவி நோயாளி சொல்லும் கதை. அதைக் கேட்க நமக்குப் பொறுமையில்லை. கட்டி ஏதும் உண்டா, இரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. அவசியம். ஆனால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோவு பொய்யாகிவிடாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020 இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்புகளிலேயே எழுதிவைத்தது.

கதைதான் கருவி என்றால் மொழி முக்கியம். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் முன் நம் தாய் ஒருத்தி அமரும்போது, அரசியலமைப்பு மொழிபெயர்க்க வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் யாரோதான் உதவுகிறார். "சுள்ளெண்டு வெட்டி இழுக்குது, காத்துப் பட்டாலும் வருது" என்று அவள் சொன்னது, "முகம் நோகிறதாம்" என்று சுருங்கிப்போய்ச் சேர்கிறது. நோயைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு தகவல்களும் வழியிலேயே தொலைந்துவிட்டன. வெளிநோயாளர் பிரிவின் வரிசை எவ்வளவு நீளமென்பதை அறிவேன். என்றாலும், "வெட்டா, எரிவா, கடுப்பா? எது பட்டால் வருகிறது?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பல்லைப் பிடுங்க அதைவிட அதிக நேரம் வேண்டும்.

வீட்டிலும் நிலைமை வேறல்ல. "சபூர் செய்யுங்க" என்கிறார்கள். பொறுமை உயர்ந்த பண்பு. நோயாளி அதைத் தேடிக்கொள்ளட்டும். நோவில்லாதவர் அதை எடுத்து நோயாளியின் வாயை அடைக்கக் கூடாது. பொறுமையைப் போதிப்பவர் கிளினிக்குக்குத் துணையாகவும் வரட்டும்.

மருந்தே இல்லாத நோயென்றால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு மருந்து உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன் 1960களிலிருந்து இதற்கும் பயன்படுகிறது. "எனக்கு வலிப்பில்லையே" என்று பயந்து அதை வீசிவிடுவோர் உண்டு. தலைச்சுற்று வரலாம், இரத்தத்தில் சோடியம் குறையலாம், சிலருக்குத் தோலில் ஆபத்தான ஒவ்வாமையும் வரலாம். ஆகவே வைத்தியரின் கண்காணிப்பில், சிறிய அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையோடு எடுக்க வேண்டும். மாத்திரை பயன் தராதபோது, இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவிடும் சத்திரசிகிச்சை இருக்கிறது. 1,155 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 1996 இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளின் பின்னும் நூற்றுக்கு எழுபது பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஒரு பக்கக் காது கேட்காமல் போவது போன்ற அபாயங்களும் அதிலுண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்குண்டு.

2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பதினைந்து மாத்திரைகளுக்காக மூன்று ஊர்களின் பாமசிகளில் ஏறி இறங்கினேன். அப்போது எனக்கு எந்த உருவகமும் தோன்றவில்லை.

எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். நம் உம்மாமாரிடம் குத்து, வெட்டு, எரிவு, கடுப்பு, உளைவு, விறைப்பு என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. காலில் எரிவும் விறைப்பும் என்றால் நீரிழிவு நரம்பைத் தின்கிறதோ என்று யோசிக்கலாம். முகத்தில் வெட்டு என்றால் இந்நோயை யோசிக்கலாம். இவை வைத்தியருக்கு வழிகாட்டும் சொற்கள். நாமோ எல்லாவற்றையும் 'வலி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு, அதையும் அலங்காரமாக்கிவிட்டோம்.

அடுத்த முறை மேடையில் ஒருவர் பாதியில் நிறுத்திக் கன்னத்தைப் பொத்தினால் கைதட்ட வேண்டாம். என்ன செய்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.