தம்பியும் வரலாமா?

பெரம்பூரில் ஒரு பிறந்தநாள் விழா. அழைத்தது 15 பிள்ளைகளை. வந்ததோ 21! கூடவே ஒட்டிக்கொண்டு வந்த தம்பி, தங்கைகள் 6 பேர். பாரிமுனையில் வாங்கிய பென்சில் பெட்டி 15தான். கேக் வெட்டியதும் அழுகை, இழுபறி. போலீஸ் ஸ்டேஷன் பஞ்சாயத்து தோற்றுப்போகும், போங்கள்!

தாய் மீது குற்றம் இல்லை. 3 வயசுப் பிள்ளையை யாரிடம் விட்டு வருவாள்? ஆனால், "சின்னவனும் வருவான், பரவாயில்லையா?" என்று முதல் நாளே போன் போட்டிருக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் இடமானால், கூடுதல் காசை நீட்டுவதுதான் மரியாதை. அழைக்கிறவரும் நாலு பெட்டி சேர்த்து வாங்கினால் குடியா முழுகிவிடும்?

அன்று அந்த வீட்டு அம்மா, சிறுசுகளின் கையில் போன பெட்டிகளைத் திரும்ப வாங்கினார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு சிறுமி, கேட்கும் முன்பே பெட்டியை நீட்டிவிட்டு அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.