கட்டற்றது கைம்மாறற்றதன்று!

ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. அதனால் விளைந்த குழப்பத்தை அவர்கள் இன்றுவரை விளக்கி மாளவில்லை. தமிழுக்கு அக் குறை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்கின்றோம். கட்டு வேறு, விலை வேறு. ஆயினும், கட்டற்றது என்றாலே காசின்றிக் கவர்ந்துகொள்ளத் தக்கது என்று கருதுவார் நம்மிடையும் பலர்.

1983-இல் இவ் வியக்கத்தைத் தொடங்கிய இரிச்சர்டு சுடால்மனே, ஈமாக்சு என்னும் தம் மென்பொருளை 1985-இல் நாடாவில் பதிந்து 150 தாலருக்கு விற்றார். வாங்கியவன் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். அவர் வேண்டியது அவ் வுரிமையே அன்றி, உழைப்பவன் பட்டினி கிடத்தல் அன்று.

பட்டினியால் விளைந்தது யாது? இணையத்தில் நாம் இடும் கடவுச்சொற்களைப் பிறர் காணாவண்ணம் காப்பது ஓப்பன் எசுஎசுஎல் என்னும் மென்பொருள். உலகின் வைப்பகங்களும் வணிகப் பெருநிறுவனங்களும் அரசுகளும் அதனை நம்பியிருந்தன. அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 தாலர்! முழுநேரமும் அதற்கே உழைத்தவர் ஒரே ஒருவர். 'நெஞ்சக் குருதிக் கசிவு' என்னும் பொருளில் பெயரிடப்பெற்ற பெரும்பிழை 2014 ஏப்பிரலில் வெளிப்பட்டது. ஈராண்டாக உள்ளே கிடந்த பிழை அது. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொருள் ஒதுக்கின.

மடல்களை மறையெழுத்தாக்கும் 'குனூ-பி-சி' என்னும் மென்பொருளைச் செருமனியின் வெர்னர் கோக் 1997-இல் எழுதத் தொடங்கினார். பொருளின்மையால் 2013-இல் அதனைக் கைவிடவும் எண்ணினார். அவர் நிலை 2015 பிப்ரவரியில் செய்தியாக வெளிவந்த பின்னரே கொடை குவிந்தது. முகநூல் நிறுவனம் ஆண்டுக்கு 50,000 தாலர் தர முன்வந்தது. தன் வறுமையை ஊரறியச் செய்தால்தான் ஊதியம் என்றால், அஃது ஊதியமா? இரந்து பெற்றதன்றோ?

2024-இல் நேர்ந்தது இன்னும் கொடிது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்சு-செட்' என்னும் சிறு மென்பொருளைத் தனியொருவர் ஊதியமின்றிப் பேணிவந்தார். அவர் சோர்ந்த வேளையில் உதவ வந்தவன்போல் ஒருவன் நுழைந்தான். ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்றான். பிறர் கணினிக்குள் புகும் கள்ளவழியை அதனுள் வைத்தான். அரை நொடித் தாழ்வை ஐயுற்றுத் துருவிய ஆண்டிரசு பிராயிண்டு என்னும் பொறியாளரால் மார்ச்சு 29-இல் அது வெளிப்பட்டது. காவலனுக்குக் கூழ் ஊற்றாத ஊரில் கள்வனே காவலுக்கு வருவான்!

'நாங்கள் கேட்டோமா? அவர்களே விரும்பிச் செய்தனர்' என்பர் சிலர். ஆக்கியது அவர் விருப்பம். நாள்தோறும் பிழை திருத்து என்று அதட்டுவது எவர் விருப்பம்? 'விலை வைத்தால் ஏழை மாணவன் என் செய்வான்?' என்பர் வேறு சிலர். வாயிலில் சுங்கம் வைக்க எவரும் சொல்லவில்லை. எடுத்தாளும் உரிமை எல்லார்க்கும் இருக்கட்டும், இயன்றவர் தருக, அதனால் பொருளீட்டுவோர் மிகுதியாகத் தருக. 'நிறுவனங்களே ஆள் வைத்து ஊதியம் தருகின்றனவே' என்பாரும் உளர். இலினக்சுக் கருவைப் பொறுத்து அது பெரிதும் மெய். ஆனால், தம் வணிகத்திற்கு வேண்டுவதை அவை பேணும். எவர் கண்ணிலும் படாத அடித்தளக் கற்களைப் பேணுவார் யார்?

ஏரி ஊர்ப்பொது, நீர் முகக்க விலையில்லை. ஆயினும் அதனைக் காக்க உத்தரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தமையைக் கல்வெட்டுக் கூறும். பொதுவுடைமை என்பது பேணுவார் இன்மை அன்று. செருமானிய அரசு இதனை உணர்ந்து, அடித்தள மென்பொருள்களைப் பேணவே 2022-இல் தனி நிதியம் நிறுவியது.

தமிழர்க்கும் இதிற் கடன் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு முன்னும் கால் பின்னுமாகத் திரையில் ஒழுங்குற அமையப் பயர்பாக்சிலும் இலிப்ரே ஆபீசிலும் உழைப்பது 'ஆர்ப்பசு' என்னும் கட்டற்ற மென்பொருளே. தமிழ்க் கழகங்களே, பதிப்பகங்களே, கல்லூரிகளே! உங்கள் ஆண்டுச் செலவில் ஒரு சிறு பங்கை இவ் வுழைப்பிற்கு ஒதுக்குங்கள். பொருளில்லார் பிழை கண்டு அறிவித்தும், தமிழாக்கம் செய்தும் கடன் தீர்க்கலாம். கட்டறுத்துத் தந்தவனைப் பசியிற் கட்டிப்போடுதல் மானமுள்ளோர் செயலன்று!