கம்பியில் எங்கே கோளாறு?

காரமடையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பக்கம் நான்கு, சாராம்சம் நாலே வரி. மாடி அறையில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, இன்டர்நெட்டில் சிநேகிதர்களோடு சேர்ந்து விளையாடுகிறான். வைஃபை சரிப்படவில்லை என்று, ஹாலில் இருக்கும் ரவுட்டர் பெட்டியிலிருந்து மாடிக்குக் கம்பியே இழுத்தாயிற்று. அப்படியும் ஆட்டம் நடுநடுவே நின்று போகிறது. "லேக் ஆகுதும்மா, நான் என்ன பண்ணட்டும்!" என்று பிள்ளை மேலே கத்துகிறான்; "அந்தப் பொட்டியத் தூக்கிக் குப்பையில போடு கண்ணு!" என்று அப்பத்தா கீழே கத்துகிறார். கம்பெனிக்காரரைக் கேட்டால், "ஸ்பீடு பத்தாதுங்க, மாசம் 400 ரூபாய் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா பெரிய பிளானே போட்டுத் தாரோமுங்க" என்கிறாராம். போடலாமா, கூடாதா?

இப்போதைக்கு வேண்டாம், அம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

பில்லூர் அணைத் தண்ணீர் வெள்ளியங்காட்டில் சுத்தமாகிக் குழாய் வழியே போவது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததே. குழாய் எவ்வளவு பருமன் என்பது ஒரு விஷயம். தண்ணீர் விட்டு விட்டு வராமல் சீராக வருகிறதா என்பது வேறு விஷயம். கம்பெனிகள் விற்கும் 100 மெகாபிட், 300 மெகாபிட் எல்லாம் குழாயின் பருமன்தான். பெரிய சினிமாவை இறக்கிக்கொள்ள அது உதவும். விளையாட்டுக்கோ ஓரிரு மெகாபிட் இருந்தால் தாராளம். ஆனால் அந்தச் சொட்டுகள் ஒவ்வொன்றும் நேரத்துக்கு விழுந்தாக வேண்டும்.

வள்ளி கும்மி பார்த்திருப்பீர்களே! வட்டத்தில் ஒருத்தி அடி தவறி நின்றுவிட்டால், முன்னால் போகிறவளுக்கும் பின்னால் வருகிறவளுக்கும் சேர்த்துத் தாளம் தப்புகிறது. இந்த ஆட்டங்களும் அப்படித்தான். பிள்ளை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாலும், அவனோடு நாலைந்து பேர் வேறு வேறு ஊர்களிலிருந்து ஆடுகிறார்கள். தொடர்பு அறுந்தால், பாதியில் ஓடிப்போனவன் என்று அவன் பேரில் கணக்கெழுதி, கொஞ்ச நேரம் ஆடவிடாமல் தள்ளி வைக்கும் ஆட்டங்களும் உண்டு. அவன் கத்துவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. (காசு கட்டி ஆடும் ஆட்டமா என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். 2025-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் அதைத் தடை செய்கிறது. அப்படியானால் அப்பத்தா சொல்வதே சரி!)

இனி வைத்தியத்துக்கு வருவோம். வைத்தியர் முதலில் நாடி பார்க்கிறார் அல்லவா? கம்பிக்கும் நாடி பார்க்க ஒரு வித்தை உண்டு. அதற்குப் பெயர் 'பிங்'. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் எழுதியது. கடலுக்குள் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார். சங்கதி ரொம்பச் சுலபம். இந்தப் பக்கம் நாம் "ஏனுங்க" என்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து "என்னுங்க" என்று பதில் வருகிறது. பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று, எத்தனை தடவை பதிலே வரவில்லை என்று கம்ப்யூட்டர் வரிசையாக எழுதிக் காட்டும். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிசெகண்டு.

பிள்ளையைக் கூப்பிட்டு, கம்பி சொருகிய கம்ப்யூட்டரில் வைஃபையை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். கம்பி வழி போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வைஃபையிலேயே ஆடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு! பிறகு இரண்டு ஜன்னல்கள் திறந்து, இரண்டு இடங்களை விடாமல் கூப்பிடச் செய்யுங்கள். ஒன்று, ஹாலில் இருக்கும் ரவுட்டர். அதன் விலாசம் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல. மற்றொன்று வெளியே உள்ள விலாசம், கூகிளின் 8.8.8.8 போதும். ஒரு மணி நேரம் ஆட்டமும் நடக்கட்டும், இதுவும் ஓடட்டும். ஆட்டம் திக்குகிற நிமிஷத்தில் எந்த ஜன்னலில் பதில் தவறுகிறது என்று பாருங்கள்.

ரவுட்டரே பதில் சொல்லத் தடுமாறினால், கோளாறு உங்கள் வீட்டுக்குள். கம்பி வழியாக இந்தப் பதில் 1 அல்லது 2 மில்லிசெகண்டுக்குள் வந்துவிட வேண்டும். அந்தக் கம்பிக்குள் எட்டுச் செப்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. கதவிடுக்கில் நசுங்கியோ, ஆணி பட்டோ ஓர் இழை போனால் கம்பி முழுவதும் செத்துவிடாது. சிறுமுகைத் தறியில் ஒரு பாவு இழை அறுந்தாலும் சேலை நெய்துகொண்டுதான் வரும், ஆனால் பழுதோடு வரும், இல்லையா? இதுவும் அதே மாதிரி. 1000 மெகாபிட் போக வேண்டிய கம்பி 100-க்கு இறங்கி ஓடுகிறதா என்று கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். இரு முனையிலும் உள்ள கருவிகள் 1000-க்கு உரியவையாக இருந்தும் 100 என்று காட்டினால், கம்பியையோ அதன் முனையையோ சந்தேகப்படலாம். முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, ஆட்டினால் ஆடுகிற பிளக்கும் இதே தொல்லையைத் தரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில கம்பிகளில் செப்பு மேல்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

நிச்சயம் செய்ய ஒரு வழி: கம்ப்யூட்டரை ஒரு நாள் மட்டும் ஹாலுக்குக் கொண்டு வந்து, குட்டையான புதுக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் மாடிக்குப் போகும் கம்பிதான் குற்றவாளி. ஆகாவிட்டால் ரவுட்டரில் வேறு துளையில் சொருகிப் பாருங்கள். ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ரசம் சரியில்லை என்று உப்பு, புளி, மிளகு மூன்றையும் சேர்த்துக் கொட்டினால், எது குறைந்திருந்தது என்று எப்படித் தெரியும்?

ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, வெளி விலாசம் மட்டும் தவறுகிறது என்றால், மாடிக் கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் வீட்டில் யாராவது கல்யாண வீடியோவைப் போனிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் பார்க்கும் சீரியலுக்கு 5 மெகாபிட் போதும், பயப்படாமல் பாருங்கள். வெளியே போகும் பாதையை அடைத்துக்கொள்வது இந்த ஏற்றுமதிதான். மாசித் தேரன்று அரங்கநாதர் கோயில் வீதியில், கையில் ஒரு முழம் பூவோடு அவசரமாகப் போகிறவளும் கூட்டத்தின் பின்னால்தானே நிற்க வேண்டும்? அந்த ஏற்றுமதியைப் பத்து நிமிஷம் நிறுத்தினால் பதில் சீராகிறதா? பிறகு அதை ராத்திரி எல்லாரும் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

அதுவும் இல்லையென்றால், தெருவிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழையைக் கவனியுங்கள். அதை ஆணியில் சுற்றி, பூத்தொடுக்கும் நாரைப் போல மடித்திருந்தால் வெளிச்சம் உள்ளே வராது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அநேகமாக இழையில்தான் தகராறு. கம்பெனி ஆள் வர வேண்டும். வெறுமனே "நெட் சரியில்லை" என்றால் "பெட்டியை அணைத்துப் போடுங்க" என்பதோடு கதை முடிந்துவிடும். மூன்று சாயங்காலம், எத்தனை மணிக்கு, எத்தனை பதில் தவறியது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் காட்டுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீடு செய்யலாம். 2012-ல் டிராய் வகுத்த விதி அது.

இரண்டு ஜன்னலிலும் பதில் சீராக வந்து, ஒரே ஓர் ஆட்டம் மட்டும் திக்கினால்? அந்த ஆட்டத்தின் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் வெளிச்சம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர். போய் வரவே 30 மில்லிசெகண்டு ஆகிவிடும். எத்தனை ரூபாய் கொட்டினாலும் வெளிச்சத்தை விரட்ட முடியாது. ஆட்டத்தில் மும்பாயைத் தேர்ந்தெடுக்க வசதியிருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். அதற்குக் காசும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, குழாயின் பருமன்தான் போதவில்லை என்று தெரிந்தால் பெரிய பிளானைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்காக இத்தனை பாடா என்று நினைக்க வேண்டாம், சகோதரி. நாளைக்குப் பிள்ளை வேலைக்கு இன்டர்வியூவில் உட்காரப் போவதும் இதே கம்பியில்தான். அங்கே "ஏனுங்க" என்று கேட்டு, "என்னுங்க" தாமதமாக வந்தால், நஷ்டம் ஒரு ஆட்டத்தோடு போகாது.

அடுத்த வாரம்: இடி மின்னல் நேரத்தில் எந்தெந்தப் பிளக்கைப் பிடுங்கி வைப்பது?