335 டிகிரியில் வெந்த மண்



நம் வாசகர்களில் பலர் இப்போது வியட்நாம் போய் வருகிறார்கள். திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. அங்கிருந்து வடக்கே தா நாங் போகிறவர்கள், பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் ஏந்தியிருப்பது போலக் கட்டியிருக்கும் பொன் பாலத்தில் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. போய் வாருங்கள், நல்ல ஊர். இந்த மாதம் நான் எழுதப் போவது, அந்த ஊரில் நீங்கள் வந்து இறங்கும் விமான நிலையத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் ஓடுபாதைக்கு வடக்கே இருந்த மண்ணைப் பற்றி.

வியட்நாம் போரின்போது தா நாங் அமெரிக்காவின் பெரிய விமானத் தளங்களில் ஒன்று. காட்டுக்குள் ஒளிந்திருந்த எதிரிக்கு நிழல் இருக்கக் கூடாது, சோறும் கிடைக்கக் கூடாது என்று 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காட்டின் மீதும் வயலின் மீதும் களைக்கொல்லி தெளித்தன. மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டது ஏஜென்ட் ஆரஞ்ச். மருந்து ஆரஞ்சு நிறம் இல்லை. பீப்பாயைச் சுற்றி அடித்திருந்த வர்ணப் பட்டைதான் அந்த நிறம். இலையை உதிர்த்தது அதிலிருந்த இரண்டு களைக்கொல்லிகள். ஆனால், அவற்றில் ஒன்றான 2,4,5-டி-யைத் தயாரிக்கும்போது வேண்டாத துணைப்பொருளாக டயாக்சினும் சேர்ந்துகொண்டது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டித் தயாரித்தால் அது இன்னும் அதிகமாகும். யாரும் கேட்டு வாங்காத அந்த நஞ்சுதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மிச்சமிருந்தது.

எங்கே மிச்சமிருந்தது என்பதில்தான் எனக்கு முதல் வியப்பு. மருந்து தெளித்த காடுதான் இன்னும் நஞ்சாக இருக்கும் என்று நாம் நினைப்போம். 1990-களில் கனடாவின் ஹாட்ஃபீல்ட் நிறுவனமும் வியட்நாமிய அறிவியலாளர்களும் லாவோஸ் எல்லையை ஒட்டிய ஆ லுவாய் பள்ளத்தாக்கில் மண்ணையும் மீனையும் வாத்தையும் தாய்ப்பாலையும் சோதித்தார்கள். தெளித்த இடங்களில் டயாக்சின் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும் குறைந்திருந்தது. ஆ ஸோ என்ற இடத்தில் மட்டும் அளவு எகிறியது. அங்கே ஒரு பழைய அமெரிக்க ராணுவ முகாம் இருந்தது. ஆக, வானத்திலிருந்து சிந்தியதைவிட, தரையில் பீப்பாய்களை அடுக்கிய இடத்திலும், மருந்தைக் கலந்து விமானத்தில் ஏற்றிய இடத்திலும், விமானத்தைக் கழுவிவிட்ட இடத்திலும்தான் நஞ்சு தங்கியிருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெளிவாயிற்று. வியட்நாமின் பழைய தளங்களில் தா நாங், பியென் ஹோவா, ஃபூ காட் ஆகிய மூன்றும் பட்டியலின் முதல் வரிசையில் வந்தன.

ஆ ஸோவில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் வரும்வரை கிராமத்துப் பிள்ளைகளும் மாடுகளும் அந்த இடத்துக்குள் போகாமல் இருக்க வேண்டுமே? வியட்நாமிய வனவியலாளர் ஒருவர் முள் நிறைந்த ஒருவகை மரத்தைச் சுற்றிலும் வரிசையாக நட்டு உயிர்வேலி போட வைத்தார். அந்த மரத்தின் காயை நம் சீயக்காய் போல அங்குள்ள பெண்கள் தலைக்குத் தேய்க்கிறார்கள். காய்த்தால் விற்கவும் செய்யலாம். கோடி டாலர் திட்டங்களைப் பற்றி எழுதும்போது, இந்த வேலியைக் கண்டுபிடித்த மனிதர் மீதுதான் எனக்கு மரியாதை கூடுகிறது.

தா நாங்குக்கு வருவோம். தளத்தில் சிந்திய மருந்து மழைநீரோடு ஓடி அருகிலிருந்த சென் ஏரியில் இறங்கியது. சென் என்றால் தாமரை. டயாக்சின் தண்ணீரில் கரையாது. சேற்றையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். சேற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதருக்கு. உடம்பில் சேர்ந்தால் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். அந்த ஏரியில் மீன் பிடித்தும் தாமரை பறித்தும் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலரது ரத்தத்தில் டயாக்சின் ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. மருந்து கலந்த இடத்து மண்ணில் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 365 மடங்கு. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுக்க, முதற்கட்டமாக அந்த இடத்துக்கு மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். ஏரியில் மீன் பிடிப்பது நிறுத்தப்பட்டது. மீன் பிடித்தவர்களின் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி என்ன என்ற கேள்வி இப்படிப்பட்ட திட்டங்களில் எப்போதுமே கடைசியில்தான் வரும்.

போர் முடிந்தது 1975-இல். தா நாங்கில் சுத்திகரிப்பு வேலை தொடங்கியது 2012 ஆகஸ்ட்டில். நடுவில் 37 ஆண்டுகள். தொழில்நுட்பம் இல்லாததால் இவ்வளவு தாமதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1972-லேயே அமெரிக்கா மிச்சமிருந்த பீப்பாய்களைத் திரட்டிப் பசிபிக்கில் உள்ள ஜான்ஸ்டன் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது. 1977-இல் வல்கனஸ் என்ற கப்பலில் வைத்து நடுக்கடலில் அந்த மருந்தை எரித்தும் முடித்துவிட்டது. ஆபத்தான பொருள் என்று தெரிந்துதானே எரித்தார்கள்? பீப்பாய் போனது, சிந்தியது மட்டும் அங்கேயே கிடந்தது. சுத்தம் செய்ய வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ, நஷ்டஈடு கேட்பார்களோ என்று அமெரிக்காவுக்குப் பயம். ஊரெல்லாம் நஞ்சு என்று பேர் வந்தால் மீனையும் அரிசியையும் யார் வாங்குவார்கள் என்று வியட்நாமுக்கும் ஒரு பயம். இரு நாட்டுக்கும் தூதரக உறவே 1995-இல்தான் ஏற்பட்டது. 2006-இல் இரு நாட்டு அதிபர்களும் ஒரு கூட்டறிக்கையில் இந்த டயாக்சின் மாசைப் பற்றி ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு, செனட்டர் பேட்ரிக் லேஹியின் முயற்சியில், அமெரிக்க நாடாளுமன்றம் 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. கதவு அப்படித்தான் திறந்தது.

திறந்த பிறகு நடந்த வேலை பொறியியல் அதிசயம். முதலில் மண்ணுக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தேடி எடுத்தார்கள். பிறகு ஏரிச் சேற்றையும் மண்ணையும் தூசு பறக்காமல் தோண்டி, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி அதற்குள் கொட்டி மூடினார்கள். நூற்றுக்கணக்கான மின்சூட்டுக் குழாய்களை மேலிருந்து உள்ளே இறக்கி, மண் முழுவதும் குறைந்தது 335 டிகிரி செல்சியஸ் வரும்வரை மாதக்கணக்கில் சூடேற்றினார்கள். முதலில் மண்ணிலிருந்த ஈரம் ஆவியாகிப் போகும்; அதன் பிறகுதான் சூடு ஏறும். அந்தச் சூட்டில் டயாக்சினின் பெரும்பகுதி குவியலுக்குள்ளேயே சிதைந்துவிடும். தப்பி வரும் ஆவியை உறிஞ்சிக் குளிரவைத்து, கரி வடிகட்டியில் பிடிப்பார்கள். இரண்டு தவணையாக சுமார் 90,000 கன மீட்டர் மண் இப்படி வெந்தது. நஞ்சு குறைவாக இருந்த இன்னும் 50,000 கன மீட்டரைப் பாதுகாப்பாகப் புதைத்தார்கள். 2018 நவம்பரில் வேலை முடிந்தது. செலவு சுமார் 11 கோடி டாலர். நிலம் விமான நிலைய விரிவாக்கத்துக்குப் போனது.

(இங்கே ஒரு வார்த்தை. இவ்வளவு கட்டுப்பாட்டோடு சூடேற்றினால் டயாக்சின் அழியும். தெருமுனையில் பி.வி.சி. குழாயும் பிளாஸ்டிக் பையும் போட்டுக் கொளுத்தினால் டயாக்சின் புதிதாக உண்டாகும். தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.)

ஆறே ஆண்டுகளில் மண் சுத்தமாகிவிட்டது. மனிதர்கள் விஷயத்தில் கணக்கு அப்படி இல்லை. அமெரிக்கா 1991-இல் சட்டம் இயற்றி, வியட்நாமில் பணியாற்றிய தன் முன்னாள் வீரர்களுக்குச் சில நோய்கள் வந்தால் அதற்கு ஏஜென்ட் ஆரஞ்ச்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு உதவித்தொகை தருகிறது. அதே மருந்தால் பாதிக்கப்பட்டதாக வியட்நாமியர்கள் ரசாயன நிறுவனங்கள் மீது நியூயார்க்கில் போட்ட வழக்கு 2005-இல் தள்ளுபடியானது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. வியட்நாமில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அமெரிக்கா இப்போது உதவுகிறது, ஆனால் 'காரணம் எதுவானாலும்' என்ற அடைமொழியோடு. தன் வீரருக்கு ஒரு நியாயம், அந்த மண்ணில் பிறந்தவருக்கு ஒரு நியாயம். இதை என்னால் ராஜதந்திரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

தா நாங் முடிந்த கதை. பியென் ஹோவா முடியவில்லை. ஹோ சி மின் நகரிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், இன்றும் இயங்கும் விமானத் தளம் அது. போரின்போது அங்கே தொட்டிகளிலிருந்து மருந்து கசிந்திருக்கிறது. அங்கே சுத்தம் செய்ய வேண்டிய மண் சுமார் 5 லட்சம் கன மீட்டர், தா நாங்கைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 2019-இல் தொடங்கிய திட்டம். பத்து ஆண்டுகளும் 40 கோடி டாலருக்கு மேலும் பிடிக்கும் என்று கணக்கு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, பியென் ஹோவாவில் தோண்டிய குழிகள் திறந்தபடி கிடந்தன. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மழையில் அந்த மண் கரைந்து ஓடினால் எங்கே போகும் என்பதற்கு சென் ஏரியே சாட்சி. சில வாரங்கள் கழித்து அனுமதியும் பணமும் திரும்பின. ஆனால், பணத்தைக் கையாண்டுவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே அந்த ஆண்டு நடுவில் கலைக்கப்பட்டது.

தோண்டாமல் விட்ட மண்ணைவிடத் தோண்டிவிட்டு நடுவில் விட்ட மண் ஆபத்தானது. ஆகவே பியென் ஹோவாவுக்கான பணத்தை ஆண்டுதோறும் கெஞ்சி வாங்கும் உதவித்தொகையாக வைத்திருப்பது தவறு. கடைசிக் கன மீட்டர் மண் வெந்து முடியும்வரை அது அமெரிக்கா அடைத்தே தீர வேண்டிய கடன்.

அன்புடன்,
ஆசிரியர்