'சர்க்கரை இல்லை' என்று எழுதியிருந்தால் போதுமா?



கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று தெரிந்தால், வீட்டில் உள்ள நாம் முதலில் என்ன செய்கிறோம்? சீனி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, மருந்துக் கடையிலிருந்து இனிப்பு மாத்திரை வாங்கி வருகிறோம். 2023-ல் என் மருமகள் முதல் பிள்ளைக்கு உண்டாகியிருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பரிந்துரைத்த இந்த எளிய முறைதான் இன்று நாடு முழுவதும் அரசு வழிகாட்டுதலில் இருக்கிறது. மருமகளுக்கு அளவு கூடியிருந்தது. சோற்றைக் குறைச்சு காய்கறியைக் கூட்டணும், மைதா, பழரசம் வேண்டாம், சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கணும் என்றார் டாக்டர். மாற்று இனிப்பு பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காபிக்கு ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தோம். ஒரே மாதத்தில் காபிக்கு இரண்டு, டீக்கு இரண்டு, நாலு மணிக்கு சர்க்கரை இல்லாத பிஸ்கட், வளைகாப்புக்கு வந்தவர்கள் ஆசையாகக் கொண்டு வந்த சர்க்கரை இல்லாத லட்டு, தாகத்துக்கு டயட் குளிர்பானம் என்று வளர்ந்துவிட்டது. "இத்தனை வேண்டாம்மா" என்றால், "அதுலதான் சர்க்கரையே இல்லையே அத்தை, அப்புறம் என்ன?" என்பாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டு செய்திகள் வந்தன. மே மாதம், உடல் எடையைக் குறைக்க மாற்று இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூலையில், அதன் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஆஸ்பார்டேம் என்ற இனிப்பை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம். சம்பந்தியம்மா போனில் அழாத குறையாக, "கேன்சர் வருமாமே, என் பொண்ணுக்கு அதைக் கொடுக்கறீங்களே?" என்றார். என் கணவரோ பேப்பரைக் காட்டி, "ஒன்பது டின் குடிச்சாத்தான் ஆபத்தாம், நீங்க ஏன் பயப்படறீங்க?" என்றார். ஒரே வீட்டில் ஒரு பக்கம் பீதி, ஒரு பக்கம் அலட்சியம்.

பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்ததில், இருவர் சொன்னதிலும் பாதிதான் சரி என்று தெரிந்தது. ஜூலையில் சொன்னது, சந்தேகப்பட ஓரளவு ஆதாரம் உண்டு, உறுதியாக இல்லை என்பதுதான். அதே நாளில், உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரை ஆஸ்பார்டேம் ஏற்கத்தக்கது என்ற பழைய அளவை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த அளவைத் தாண்ட ஒன்பது முதல் பதினான்கு டின் டயட் பானம் குடிக்க வேண்டும். என் கணவர் சொன்ன கணக்கு இதுதான். ஆனால் நம் பெண்கள் டயட் பானம் மட்டுமா சாப்பிடுகிறார்கள்? எடையும் 70 கிலோவா?

மே மாத அறிவுரை வேறு விஷயம். இந்த இனிப்புகளால் நாளாவட்டத்தில் எடை குறைவதில்லை, நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்புடன் தொடர்பு காணப்படுகிறது என்பது அதன் சாரம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் வந்து, பெரும்பாலும் பிரசவத்தோடு போகிற சர்க்கரை எந்தக் கணக்கில் சேரும்? அதை அவரவர் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்காமல் விட்டது எங்கள் தவறு.

வயிற்றில் இருக்கும் பிள்ளை விஷயத்திலும் சில ஆய்வுகள் உண்டு. டென்மார்க்கில் 59,334 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில் (2010), தினமும் இனிப்பூட்டிய டயட் பானம் குடித்தவர்களிடம் குறைப்பிரசவம் சற்று அதிகம் இருந்தது. கனடாவில் 2016-ல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பத்தில் தினமும் அத்தகைய பானம் குடித்த தாய்மாரின் குழந்தைகள் ஒரு வயதில் அதிக எடையோடு இருக்கும் வாய்ப்பு இரு மடங்காகத் தெரிந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இதனால்தான் அது என்று நிரூபிக்கவில்லை. சாக்கரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சென்று, சிசுவின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால், கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லும் டாக்டர்கள் பலர்.

தாய்ப்பாலுக்கும் இது போகிறது. அமெரிக்காவில் 2015-ல் இருபது தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள். மாற்று இனிப்பு சாப்பிடும் பழக்கம் உண்டா இல்லையா என்று பார்க்காமல்தான் அவர்களைச் சேர்த்தார்கள். அப்படியும் பதின்மூன்று பேர் பாலில் சாக்கரின், சுக்ரலோஸ் போன்றவை இருந்தன. ஆஸ்பார்டேம் மட்டும் இல்லை. அந்தச் சிறு அளவால் குழந்தைக்குக் கெடுதல் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று பாக்கெட்டில் அச்சடித்துவிட்டு விற்கிற பொருள், தாய் வழியாகப் பச்சைக் குழந்தைக்குப் போகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டாமா?

என் ஆதங்கம் இதுதான். அளவு மீறாமல் சாப்பிட்டால் பயமில்லை என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவை மில்லிகிராமில் சொல்கிறார்கள். நான் வாங்கிய பிஸ்கட்டிலோ, இனிப்புக் கடை லட்டுப் பெட்டியிலோ எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரி கிடையாது. இருந்த எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில். பிறகு இல்லத்தரசி எதை வைத்துக் கணக்குப் போடுவாள்? அளவை அச்சிடச் சொல்லி அரசு சட்டம் போட வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் தமிழிலும் எச்சரிக்கை வேண்டும்.

அதுவரை சகோதரிகளுக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். பாக்கெட்டில் உள்ள எண்களைப் பாருங்கள். 950 அசிசல்ஃபேம், 951 ஆஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியிலிருந்து எடுத்தது. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் 951-ஐத் தொடவே கூடாது. ஆஸ்பார்டேம் மாத்திரையைப் பாயசத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் இனிப்புக் குறையும். இன்னும் இரண்டைப் போடாதீர்கள். சர்க்கரை இல்லாத லட்டில் மாவும் நெய்யும் இருக்கத்தான் செய்கின்றன. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை என்று போகாதீர்கள், அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பிரசவ லேகியத்துக்கும் இதே கதைதான்.

மறுமுறை போனபோது, சாப்பிட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "காபிக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும், மத்ததை நிறுத்துங்க" என்றார். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், குளிர்பானத்துக்குப் பதில் மோர். பத்து நாளில் அந்த ஒரு மாத்திரையையும் மருமகளே விட்டுவிட்டாள். "நாக்கு பழகிடுச்சு அத்தை" என்றாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வந்தது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

வளைகாப்புக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசையாக ஏதாவது கொண்டு போக வேண்டும் என்றால், பூவும் வளையலும் கொண்டு போங்கள். தின்ன ஏதாவது வேண்டும் என்றால் சுண்டலும் கொய்யாவும் இருக்கிறது. சர்க்கரை இல்லாத பெட்டியை நீட்டிவிட்டு, "இதைச் சாப்பிடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நாமா சொல்வது?

- ஒரு வாசகி, கும்பகோணம்.