பித்தளைக் கம்பியைக் கழற்றாதீங்க!

 

எப்பவும் நான் விடுகதையும் பொன்மொழியும்தான் எழுதுவேன். இந்த இதழில் என் கருத்தை எழுதுகிறேன். பிடிக்கலைன்னா அடுத்த இதழில் மறுத்து எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் பள்ளி நூலக அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு வீணை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அக்ரகாரத்துப் பாட்டி ஒருவர் ஊரைவிட்டு மகன் வீட்டுக்குப் போகும்போது, "படிக்கிற பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனது. கணக்கு டீச்சர் சின்ன வயதில் வீணை கற்றவர். சனிக்கிழமைகளில் எங்கள் நாலு பேருக்கு சரளி வரிசை சொல்லித் தருகிறார்.

இப்போ பிரச்சினை என்னன்னா, அதில் மூன்றாவது கம்பி அறுந்துபோச்சு. நாலாவது கம்பியில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. ஆண்டு விழா வருகிறது. "பித்தளைக் கம்பியே வேண்டாம், ரெண்டையும் கழற்றிட்டு எல்லாத்துக்கும் எஃகுக் கம்பி போட்டுருவோம். அறுக்காது, பளபளன்னு இருக்கும்" என்று பத்தாம் வகுப்பு அக்காக்கள் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஏழில் இரண்டு

வீணைக்கு மொத்தம் ஏழு கம்பி. மெட்டுக்கு மேலே ஓடுகிற நாலு கம்பியும் வாசிப்பதற்கு. பக்கத்தில் இருக்கிற மூன்றும் தாளம் தட்ட. நாலு கம்பிக்கும் பெயர் உண்டு: சரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். சரணியும் பஞ்சமமும் எஃகு. பக்கக் கம்பி மூன்றும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும்தான் பித்தளை. ஏழில் இரண்டே இரண்டு! அதையும் ஏன் பிடுங்க வேண்டும்?

சரணியை மீட்டினால் கணீர் என்று வரும். கோயில் கைமணி மாதிரி. மந்தரத்தை மீட்டினால் 'கும்'மென்று குடத்துக்குள் இறங்கும். இரண்டும் 'ச'தான், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆனால் குரல் வேற. ஒரே வீட்டில் அக்கா பேசுவதும் தாத்தா பேசுவதும் போல.

நாங்கள் செய்த சோதனை

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று அறிவியல் சாரிடம் கேட்டோம். "செஞ்சு பாருங்க" என்றார். ஒரே கேஜில் எஃகுக் கம்பி ஒன்று, பித்தளைக் கம்பி ஒன்று வாங்கினோம். (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு. தடிமன் என்று நினைத்து ஏமாறாதீர்கள்!) ஒரு பலகையில் இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கட்டி, முனையைக் கப்பி வழியாகத் தொங்கவிட்டு, சின்ன வாளியில் ஆற்று மணலை நிரப்பினோம்.

ஒரே மணல், ஒரே நீளம். ஆனால் பித்தளை கொஞ்சம் கீழே ஒலித்தது, எஃகு கொஞ்சம் மேலே. சார் காரணம் சொன்னார். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், பித்தளை சுமார் 8.5 கிராம். கனமான கம்பி மெதுவாக ஆடும், அதிர்வெண் குறையும். கணக்குப் போட்டால் அரை ஸ்வரத்துக்கும் கொஞ்சம் குறைவான வித்தியாசம். எங்கள் காதுக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு மணலை ஏற்றிக்கொண்டே போனோம். வாளி பாதி நிறைவதற்குள் பித்தளை 'டப்'பென்று அறுந்தது. எஃகு வாளி நிறைந்தும் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அக்காக்கள் கை தட்டினார்கள்! மறைக்காமல் எழுதுகிறேன், அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிப்போச்சு.

ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன். பலம் எங்கே வேண்டும்? மேலே ஒலிக்கிற கம்பியை இறுக்கமாக இழுக்க வேண்டும், அங்கே எஃகு வேண்டும். கீழே ஒலிக்கிற கம்பிக்கு அத்தனை இழுப்பு எதற்கு? சுமை தூக்குகிறவர் பலசாலி என்பதற்காக அவரையே பாடவும் சொல்வோமா?

எஃகு போட்டால் என்ன ஆகும்?

டீச்சர் அனுமதியோடு மூன்றாவது இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியை மாட்டிப் பார்த்தோம். கீழ் 'ச' வருகிற வரைக்கும் பிரடையைத் தளர்த்தினால் கம்பி தொய்ந்துபோய் மெட்டில் பட்டு 'கரகர' என்றது. கமகத்துக்கு இழுத்தால் ஸ்வரம் எங்கேயோ போகிறது.

அப்படின்னா தடித்த எஃகு போடலாமே? அதற்கும் சார் கணக்கு சொன்னார். சரணிக்கு உள்ள அதே இழுப்பில் மந்தரம் பாதி அதிர்வெண்ணுக்கு இறங்க வேண்டுமானால், அதே உலோகத்தில் கம்பி இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். அனுமந்தரத்துக்கு இரண்டரை மடங்குக்கும் மேலே. கம்பி இரண்டு மடங்கு தடித்தால் அதை வளைக்கிற கஷ்டம் பதினாறு மடங்கு! விறைத்த கம்பி சரியாக ஆடாது. அதன் மேல் ஒலிகள் இடம் மாறிப்போய் நாதம் கெடும். பித்தளையின் விறைப்பு எஃகில் கிட்டத்தட்ட பாதிதான். அதனால்தான் தடித்தாலும் அது இளக்கமாக ஆடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வீணையின் 24 மெட்டும் மெழுகில் பதித்தவை. காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். கம்பியின் தடிமனையும் உலோகத்தையும் மாற்றினால் ஸ்வரம் நகர்ந்துவிடும், மேளம் திரும்பக் கட்ட வேண்டிவரும். கம்பியில் மிச்சம் பிடிக்கப் போய் மேளத்தில் கொடுக்கணும்.

கிட்டார் அண்ணன் சொன்னது

"கிட்டார்ல எல்லாமே எஃகுதானே" என்று ஒரு அக்கா கேட்டார். நம் ஊர் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கிட்டாரைக் காட்டினார். ஆறு கம்பியில் முதல் இரண்டுதான் வெறும் எஃகு. மற்ற நாலும் நடுவில் எஃகு வைத்து மேலே வேறு உலோகக் கம்பியைச் சுற்றியவை. கனம் கூடணும், ஆனால் விறைக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடாம். பார்த்தீர்களா, அவர்களும் கீழ் ஒலிக்கு வெறும் எஃகை நம்பவில்லை!

அதில் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பிப் பாக்கெட்டில் '80/20 வெண்கலம்' என்று போட்டிருந்தது. 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம் என்று அர்த்தம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பார்த்த நமக்குத் தெரியாதா? செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, செம்பில் வெள்ளீயம் சேர்ந்தால்தான் வெண்கலம். பேர் வெண்கலம், ஆள் பித்தளை!

வீணைக்கும் இப்படிச் சுற்றின கம்பி கிடைக்கிறது, சிலர் போடுகிறார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. வெறும் எஃகுதான் வேண்டாம் என்கிறேன்.

என் அப்பாயி

சரஸ்வதி பூஜைக்கு அப்பாயி நம் பள்ளிக்கு வந்திருந்தது. நாற்று நட்டே வயசான உடம்பு. காது சரியாகக் கேட்காது. நான் சரணியில் வாசித்தபோது சும்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனுமந்தரத்தை மீட்டினேன். அப்போது நாலாவது கம்பி நன்றாகத்தான் இருந்தது. அப்பாயி நகர்ந்து வந்து குடத்து மேலே கையை வைத்துக்கொண்டு, "இது கேக்குது ஆயி. வயித்துக்குள்ள கேக்குது. இன்னொருக்கா தட்டு" என்றது.

வயதானால் மெல்லிய, கூர்மையான ஒலிதான் முதலில் காதைவிட்டுப் போகுமாம். கீழ் ஒலி கொஞ்சம் நிற்குமாம். அப்பாயிக்கு நம் வீணையில் கேட்டது அந்தப் பித்தளைக் கம்பிதான். ஆண்டு விழாவுக்கும் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

தஞ்சாவூர் வீணை நம்ம மாவட்டத்துச் சொத்து. பலா மரத்தில் செய்வது. 24 மெட்டு அமைப்பு வந்தது இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 1600களின் தொடக்கத்தில் என்பார்கள். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெருமை பேசிவிட்டு இரண்டு கம்பிக்குக் கணக்குப் பார்க்கலாமா?

பித்தளை களிம்பு ஏறும், உண்மைதான். எஃகு மட்டும் சும்மா இருக்குமா? ஐப்பசி மழையில் துருப்பிடிக்காதா? வாசித்து முடித்ததும் கை வியர்வை போக உலர்ந்த துணியால் துடைத்தால் இரண்டும் பிழைக்கும். நாங்கள் நாலு பேரும் முறை போட்டுத் துடைக்கிறோம். ஒரு முழு செட் வாங்க வேண்டாம். மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் ஏற்ற கேஜில் பித்தளைக் கம்பி, கூட ஒரு மாற்றுக் கம்பி, இவ்வளவு போதும். மூன்றாவது கம்பி ஏன் அறுந்தது தெரியுமா? சுருதி தெரியாமல் யாரோ பிரடையைத் திருகியதால். இனி டீச்சர் இல்லாமல் யாரும் பிரடையைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டுவோம்.

பலசாலிக்குப் பலம் வேண்டிய வேலை, இளக்கமானவருக்கு இளக்கமான வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் வீணை. நம் வகுப்பும் அப்படித்தானே தோழிகளே?

வெள்ளிக்கிழமை பித்தளைக்குக் கை தூக்குங்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி